பிறக்காமல் வந்த பிள்ளைகள்

ஓர் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. அரசாங்கத்துக்குத் தெரிந்தால் போதும். அந்த உயர்ந்த நோக்கத்தோடுதான் மாட்சிமை தங்கிய மக்கள்தொகைத் துறை எங்கள் ஒகே-இபெபே வரைக்கும் வந்தது.

ஆட்கள் வருவதற்கு முன்பே துணி வந்துவிட்டது. யொரூபாக்காரர்களான எங்களுக்குக் கல்யாணமோ கருமாதியோ, கூட்டத்தில் எல்லாரும் ஒரே துணியில் உடுத்தாவிட்டால் அந்த விசேஷம் நடந்ததாகவே கணக்கில்லை. இது துறைக்குத் தெரிந்திருந்தது. வயதுவாரி மக்கள்தொகைக் கோபுரத்தை நீலமும் மஞ்சளுமாகத் துணியில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். கீழே குழந்தைகள் அகலமாக, மேலே கிழடுகள் கூராக. ஊரே கோபுரம் உடுத்தித் திரிந்தது. பாமாயில் விற்கும் இயா தெனியி மட்டும் அவசரத்தில் துணியைத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டார். அவர் இடுப்பில் மட்டும் நாடு முதுமையடைந்திருந்தது.

இயா தெனியியின் மருமகள் அபெனி. சந்தை முனையில் காராமணி அரைத்து அகரா சுட்டு விற்கிறவள். அப்போது அவளுக்கு மூன்றாவது மாதம். எண்ணெய் வாசனை பட்டாலே ஓடிப்போய் வாந்தி எடுப்பாள், வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அடுத்த ஈட்டைச் சுடுவாள். முதல் பிரசவம் ஊரில் நர்ஸ் இல்லாத காலத்தில் நடந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் பேசுவதில்லை. இந்தத் தடவை நர்ஸ் பொலான்லே இருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அரசு பிரசவ அறை, ஒரு கட்டில், ஒரு தராசு. தினமும் கடை கட்டியதும் அபெனி அந்த அறை வாசலில் போய் ஐந்து நிமிஷம் சும்மா நின்றுவிட்டு வருவாள். அவளுடைய தைரியம் முழுக்க அந்தத் தராசில்தான் இருந்தது.

கணக்கெடுக்க நியமிக்கப்பட்டவர் எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் ஓயேலெரான். வீடு வீடாகப் போய்ப் பெயர்களை எழுதினார். பெரியவர், சிறியவர், நேற்றுப் பிறந்தது வரைக்கும் ஒரு பெயர் விடவில்லை. எல்லாம் பதினான்காவது கட்டம் வரைக்கும் சரியாகப் போனது. அதில் கேள்வி: 'இதுவரை பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை.'

நாங்கள் ஆட்டை எண்ணுவோம். கிழங்கை எண்ணுவோம். அடுத்த வீட்டுக்காரன் நம்மை எத்தனை தடவை அவமதித்தான் என்பதைத் தேதியோடு எண்ணுவோம். பிள்ளைகளை எண்ணமாட்டோம். பெயர் சொல்லலாம், அதில் தப்பில்லை. எண்ணிக்கை சொன்னால் அது யார் காதிலாவது விழும். விழுந்தால் அதில் ஒன்று குறையும். வாத்தியாரும் இதே ஊர்ப் பால் குடித்து வளர்ந்தவர்தானே.

"இயா தெனியி, உங்களுக்கு எத்தனை..."

"எத்தனை என்னது?"

"ஒண்ணுமில்லைம்மா. ஆண்டவன் குடுத்திருக்காரா?"

"குடுத்திருக்காரு."

"அதையே எழுதிக்கிறேன்."

அழகான கையெழுத்து அவருக்கு. ஊரிலுள்ள அத்தனை தாய்மார்களின் பதினான்காவது கட்டத்திலும் 'ஆண்டவன் கொடுத்திருக்கிறார்' என்று முத்து முத்தாக எழுதிக் கட்டி அனுப்பினார்.

தலைநகரத்துக் கணினிக்கு ஆண்டவனைத் தெரியாது. எண்தான் தெரியும். எண் இல்லாத இடத்தில் பூஜ்யம் போட்டுக்கொள்ளச் சொல்லி அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். போட்டுக்கொண்டது.

ஆறு மாதம் கழித்து, அபெனி ஒன்பதாம் மாத வயிற்றோடு அகரா சட்டியை எட்டிப் பிடிக்கவே சிரமப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், துறையின் துணை இயக்குநர் டாக்டர் கோக்கர் வந்து இறங்கினார். மூன்று வெளிநாட்டுப் பட்டங்கள், ஒரு சாக்பீஸ் டப்பா. ஊரைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிக் கரும்பலகையில் எழுதினார்:

முன்பு இருந்தவர் + பிறந்தவர் − இறந்தவர் + வந்தவர் − போனவர் = இப்போது இருப்பவர்.

"இது உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் சமன்பாடு" என்றார். "உங்க ஊருக்காக இதை மாத்த முடியாது."

"மாத்தச் சொல்லலையே ஓகா" என்றார் இயா தெனியி, பெரிய அதிகாரிகளைக் கூப்பிடும் மரியாதையோடு.

"உங்க ஊர்ப் பெண்கள் இதுவரைக்கும் பெத்தது பூஜ்யம்."

மண்டபத்தில் ஒரு குழந்தை கத்தியது. அதைத் துணியால் முதுகில் கட்டியிருந்த தாய் முதுகைக் குலுக்கி அதைச் சமாதானப்படுத்தினாள். ஜன்னல் கம்பிகளில் இன்னும் சில தொங்கிக்கொண்டிருந்தன.

"ஆனா அஞ்சு வயசுக்குக் கீழ உங்க ஊர்ல இருக்கறது மொத்தம் முன்னூத்தி..."

இயா தெனியி காலி எண்ணெய் டின்னைக் கீழே போட்டார். டமால். பெண்கள் எல்லாரும் கெட்டது விலகட்டும் என்று தலையைச் சுற்றி விரல் சொடுக்கினார்கள்.

"சொல்லாதீங்க ஓகா! வாயைக் கழுவுங்க!"

"சரி, ஒரு எண்ணிக்கை" என்றார் டாக்டர் கோக்கர், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "இவங்க பிறக்கலை. ஆனா இருக்காங்க. அப்போ சமன்பாட்டுப்படி இவங்க எல்லாரும் வந்தவங்க. அஞ்சு வயசுக்குக் கீழே, பெத்தவங்க துணையில்லாம, கூட்டங்கூட்டமா வந்து குடியேறியிருக்காங்க. துறையோட வரலாற்றிலேயே இப்படி ஒண்ணு பதிவானதில்லை."

நர்ஸ் பொலான்லே எழுந்து தன் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினாள். "சார், இதுங்க முக்காவாசி என் கையிலதான் பிறந்துச்சு. தேதி இருக்கு, எடை இருக்கு."

"அது பதிவேடு. இது கணக்கெடுப்பு. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா பதிவேடு தப்பு. ஒத்துப்போனா பதிவேடு தேவையில்லை." பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "பிறப்பே இல்லாத ஊர்ல பிரசவ நர்ஸ் எதுக்கும்மா? மாற்றல் உத்தரவு. பத்து நாள்ல கிளம்பணும்."

அபெனி கையிலிருந்த விசிறி அப்படியே நின்றது. "எனக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, சார்" என்றாள்.

"எதுக்கு?"

அபெனி தன் வயிற்றைப் பார்த்தாள். டாக்டர் கோக்கரும் பார்த்தார். "நீங்க தரவுல இல்லைம்மா" என்றார் இரக்கத்தோடு.

நர்ஸ் எங்கள் பக்கம் திரும்பினாள். "அக்காமாரே, ஒரே ஒரு தடவை எண்ணைச் சொல்லிடுங்க. நான் இங்கேயே இருந்துடுவேன்."

எல்லாரும் இயா தெனியியைப் பார்த்தார்கள். அவர் மருமகளைப் பார்த்தார்.

"சொல்லிடறேன்" என்றார் கடைசியில். "சொன்னதுக்கப்புறம் ஒண்ணு குறைஞ்சா, உங்க ஆபீஸ் திருப்பிக் குடுக்குமா?"

டாக்டர் கோக்கர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். அதற்கு ஏற்பாடு இல்லை.

"சரி, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க ஓகா? நீங்க முதல்ல சொல்லுங்க."

"எனக்கா?" என்றார் அவர். கை தானாகத் தலைப்பக்கம் போனது. "ஆண்டவன் குறை வைக்கலை."

மண்டபம் சிரித்த சிரிப்பில் ஜன்னலில் தொங்கியவர்களில் சிலர் கீழே விழுந்தார்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

நர்ஸ் போனாள். பிரசவ அறையில் 'வருகையாளர் விசாரணை நிலையம்' என்று பலகை மாட்டினார்கள். குடியேற்றத் துறையிலிருந்து அடிகுன் என்ற அதிகாரி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பெரிய தொப்பி, தங்கமான மனிதர். கட்டிலில் படிவங்களை அடுக்கினார், தராசில் தொப்பியை வைத்தார். ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டு விசாரணை தொடங்கியது. முதலில் அகின்டேலே என்ற நான்கு வயதுப் பயல்.

"தம்பி, இதுக்கு முன்னாடி எங்க இருந்தே?"

"அம்மா வயித்துல."

"அங்கேருந்து ஏன் கிளம்பினே?"

"இடம் பத்தலை."

"வசதியெல்லாம் எப்படி?"

"கரண்ட்டே இல்ல மாமா. எப்பவும் இருட்டு."

அடிகுன் மனசாட்சியோடு எழுதினார்: 'முந்தைய வசிப்பிடம்: கடும் இடநெருக்கடி. மின்சாரம் இல்லை.' தலைநகரத்தில் இதை வைத்து இரண்டு நாள் பயிலரங்கு நடத்தினார்கள். மின்சாரம் இல்லை என்ற அடையாளம் நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் பொருந்துவதால், குழந்தைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை என்று தீர்மானம் போட்டு, கோழி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

நர்ஸ் போன நான்காம் நாள் காலை, இரண்டாவது ஈடு அகரா சட்டியில் இருக்கும்போதே அபெனிக்கு வலி எடுத்துவிட்டது. பெட்ரோல் தட்டுப்பாடு. ஊரிலிருந்த வாடகை மோட்டார் சைக்கிள் எல்லாம் பங்க் வாசலில் வரிசையில் நின்றன. செல்போனில் பேச்சு கேட்கிற இடம் ஊரிலேயே ஒன்றுதான், பழைய பிரசவ அறை. அங்கேதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அடிகுன் எழுந்து நின்றார். "வருகையாளரைக் கண்ணியத்தோடு வரவேற்கணும், தண்ணீரும் போர்வையும் தரணும்னு விதி நாற்பத்தொண்ணு சொல்லுது" என்று முணுமுணுத்துக்கொண்டே படிவங்களை ஒரேயடியாகத் தரையில் தள்ளிவிட்டுக் கட்டிலைக் காலி செய்தார். நர்ஸ் பொலான்லேயைப் போனில் பிடித்தார். ஜன்னல் பக்கம் போனை உயர்த்திப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றார். காலை ஊன்றினால் சத்தம் அறுந்தது.

"தலை தெரியுதா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"தெரியுது மேடம். கையில பாஸ்போர்ட் எதுவும் இல்லை."

"யோவ், போனைக் கீழே வைக்காதே. இயா தெனியியை இழுக்கச் சொல்லாதே, தாங்கிக்கச் சொல்லு. அபெனி, மூச்சு விடும்மா."

அபெனி போட்ட சத்தத்தில் தொப்பி தராசிலிருந்து விழுந்தது. பிறகு இன்னொரு சத்தம், மெல்லியதாக, புதுசாக.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மேடம்!"

"அவ வயிறு நான் பார்த்தப்போவே பெரிசா இருந்துச்சு. எத்தனை?"

அடிகுன் வாயைத் திறந்தார். அறையிலிருந்த அத்தனை பெண்களும் அவரைப் பார்த்தார்கள். வியர்த்துவிட்டது.

"ஆண்டவன்... குறை வைக்கலை, மேடம்."

"ஐயோ, அறிவுகெட்டவனே! உள்ளே இன்னும் இருக்கா இல்லையான்னு தெரியலைன்னா நான் எப்படிச் சொல்றது? அவ உயிர் போயிடும்யா! எண்ணு!"

அபெனியின் கை மாமியாரின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. இயா தெனியி போனைப் பார்த்துக் கத்தினார்:

"பொலான்லே! பேரைச் சொல்றேன், கேட்டுக்கோ. தாயிவோ வந்துட்டா. கெஹின்தே வந்துக்கிட்டிருக்கு!"

எங்களில் இரட்டைப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர் பிறக்கும் முன்பே முடிவானது: முதலில் வருவது தாயிவோ, அடுத்து வருவது கெஹின்தே. "புரிஞ்சுடுச்சும்மா. அதுக்குத் தலை கீழே இருக்கா, கால் கீழேயா?"

"கால்."

"அப்போ நான் சொல்ற மாதிரி செய்யுங்க."

கால் மணி நேரம். அடிகுன் கால் மாற்றவே இல்லை. பிறகு கெஹின்தேயும் வந்தான், நீலமாக. முதுகில் இரண்டு தட்டு தட்டியதும் அரசாங்கத்தையே திட்டுகிற குரலில் அழுதான்.

"வேற பேர் உண்டா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"வேற பேர் இல்லை" என்றார் இயா தெனியி. சொல்லிவிட்டு அப்படியே தரையில், படிவங்கள் மேலேயே உட்கார்ந்து அழுதார். தாயும் நலம், பெயர்களும் நலம்.

அடிகுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவம் நிரப்பினார். வருகையின் நோக்கம்: தெரிவிக்க மறுக்கிறார். தங்கும் காலம்: நிரந்தரம். மாதக் கடைசியில் 'வந்தவர் மொத்தம்' என்ற கட்டத்துக்கு வந்தார். பேனாவை மூன்று தடவை தூக்கி மூன்று தடவை வைத்தார். அவருக்கும் ஓர் அம்மா இருந்தாள் அல்லவா? 'ஆண்டவன் குறை வைக்கவில்லை' என்று எழுதி அனுப்பினார்.

கணினி இன்னொரு பூஜ்யம் போட்டுக்கொண்டது.

இப்போது டாக்டர் கோக்கருக்குத் தூக்கம் போய்விட்டது. பிறந்தவர் பூஜ்யம். வந்தவர் பூஜ்யம். போனவர், நர்ஸ் ஒருத்தி. ஆனாலும் ஊரில் ஆள் கூடுகிறது. சமன்பாட்டில் மீதி இருந்தது ஒரே கட்டம், இறந்தவர். அதைக் கழித்த பிறகும் ஊர் பெருகுகிறது என்றால், இறந்தவர் எண்ணிக்கை பூஜ்யத்துக்கும் கீழே. அதாவது, ஒகே-இபெபேவில் ஆட்கள் சாகிற வேகத்தைவிடச் செத்தவர்கள் திரும்பி வருகிற வேகம் அதிகம். பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பாபாதுண்டே: அப்பா திரும்பி வந்துவிட்டார். யெதுண்டே: அம்மா திரும்பி வந்துவிட்டாள். பக்கத்துக்குப் பக்கம் ஆதாரம்!

நேரில் வந்து கண்டுபிடிப்பை அறிவித்தார்.

"இதைத்தானே ஓகா நாங்க பேர் வெச்ச நாளிலிருந்து சொல்லிக்கிட்டிருக்கோம்" என்றார் இயா தெனியி. அரசாங்கமும் எங்கள் ஊரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

செத்தவர் திரும்பி வந்தால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவத் தகுதியுள்ள ஒருவர் சான்று தர வேண்டும் என்பது பழைய சட்டம். எனவே நர்ஸ் பொலான்லே 'மீள்வருகைச் சான்று அலுவலர், இரண்டாம் நிலை' என்ற பதவி உயர்வோடு திரும்பி வந்தாள். அதே அறை, அதே கட்டில், அதே தராசு. "தாத்தா மூணு கிலோ இருநூறு. பால் குடிக்கிறாரா?" என்று கேட்டு எழுதிக்கொள்வாள். அபெனி தெருவெல்லாம் இலவசமாக அகரா கொடுத்தாள். அடிகுனை விமான நிலையத்துக்கு மாற்றினார்கள். போகும்போது தாயிவோவுக்குத் தன் தொப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்தவர்களின் பெயர்களை முறைப்படி வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்த தேர்தலில் ஒருவர் விடாமல் அத்தனை பேரும் மத்தியானத்துக்குள் வாக்களித்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. அந்நேரத்தில் வாக்காளர்களில் பலர் தாயின் முதுகில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லா வாக்கும் ஒரே கட்சிக்கு.

"இது அநியாயம், புகார் எழுதுவோம்" என்றார் வாத்தியார் ஓயேலெரான். ஊரே கூடியது. புகார்ப் படிவம் வந்தது. பெயர், ஊர், குறை எல்லாம் எழுதியாயிற்று. கடைசியில் ஒரு கட்டம்: 'உங்கள் ஊரில் உண்மையில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை.'

வாத்தியார் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். பிறகு எல்லாரும் கூரையைப் பார்த்தோம்.

அபெனி முதுகுத் துணியை இறுக்கிக்கொண்டாள். உள்ளே தாயிவோ, மாமியார் முதுகில் கெஹின்தே.

"எழுதுங்க சார்" என்றாள். "ஆண்டவன் குடுத்திருக்காரு."

வாத்தியார் அழகான கையெழுத்தில் எழுதினார்.