டபுள் விசிலும் ஆறு ஜாம் பாட்டிலும்

கொசுவை அடித்தே வாழ்ந்தவர்கள் இந்த உலகத்தில் கோடிப் பேர் இருக்கலாம். பழ ஈயை மரியாதையாக அழைத்து, உள்ளே ஏற்றி ஒழித்த ஒரே மனிதர் எங்கள் டபுள் விசில்தான்.

கேரள எல்லையோரம் வடகரப்பதியில் எங்கள் பக்கத்து வீடு. கோபாலபுரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். ஒண்டிக்கட்டை. யார் வீட்டுக்குப் போனாலும், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி வாசலில் ஒரு விசில், கிளம்பும்போது இரண்டு. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மாம்பழ ஜாம் செய்து விற்க என் அக்கா சரோஜா பஞ்சாயத்து லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வரப்போகிற வாரமாகப் பார்த்து, அடுக்களை முழுக்கப் பழ ஈ. கடுகுக்கு றெக்கை முளைத்த மாதிரி, கரண்டியைத் தூக்கினால் கூடவே கிளம்பின. சாம்பிராணி போட்டோம். நாங்கள்தான் இருமினோம்.

“இதைப் பாத்தா லைசென்ஸ் எங்கீங்ணா குடுப்பாங்க?” இருமல் கேட்டு எட்டிப் பார்த்த டபுள் விசிலிடம் அக்கா கேட்டாள்.

“கூட்டத்தைத் தொரத்தப்படாது அம்மிணி. ஏத்தோணும்” என்றார் டபுள் விசில்.

அடுக்கியிருந்த கண்ணாடி பாட்டில்களில் ஆறை எடுத்தார். கள்ளுக்கடையில் வாங்கிய புளித்த கள் இரண்டு விரல் உயரம், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, பாட்டில் வாயில் காகிதக் கூம்பு. பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“உள்ள போங்க, உள்ள போங்க. முன்னால எடம் கெடக்குது.”

“எறங்கற வழி?” என்றேன்.

“அந்த ஸ்டாப்பு இந்த வண்டிக்குக் கெடையாது கண்ணு.”

இரண்டே நாளில் அடுக்களை துடைத்துவிட்ட மாதிரி ஆனது. ஒன்றை மட்டும் அவர் கவனிக்கவில்லை. அந்த ஆறும் அக்கா லேபிள் ஒட்டி வைத்திருந்த பாட்டில்கள். இன்ஸ்பெக்டரம்மா ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

‘சரோஜா ஹோம்மேட்’ என்று ஆறு பாட்டில். உள்ளே வெள்ளையாக என்னவோ. அந்த அம்மா குனிந்து மோந்து பார்த்துவிட்டு, பாதி மலையாளத்தில் கேட்டார்.

“சேச்சி ஜாமுக்கல்லே லைசென்ஸ் கேட்டது? இது கள்ளல்லே?”

டபுள் விசில் முன்னால் வந்தார்.

“விக்கறதுக்கு இல்லைங்க மேடம். ஈக்குங்க. எட்டிப் பாருங்க, ஏறுனதுல ஒண்ணு எறங்கலை.”

எட்டிப் பார்த்தார். மேடையில் நறுக்கிய மாம்பழம் திறந்தே கிடந்தது. அதன்மேல் ஒரு ஈ இல்லை. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

“இதெல்லாம் எடுத்துக் களயணும். வெள்ளியாழ்ச்ச நான் திரும்ப வரும்.” வாசல் வரை போனவர் நின்றார். “என் வீட்டிலயும் இந்தச் சல்யம் உண்டு, ஒரே ஈ. கள்ளு இல்லாம நடக்குமோ?”

“வினிகர் ஊத்துங்க மேடம். நடக்கும். கூட்டந்தான் கொஞ்சம் கொறையும்.”

வெள்ளிக்கிழமை கையெழுத்து விழுந்தது. ஜாம் இப்போது பொள்ளாச்சி வரை போகிறது. வீட்டில் ஈ இல்லை. ஈ இல்லாததால் டபுள் விசிலுக்கும் வர வேலை இல்லை. அந்த வெள்ளிக்குப் பிறகு நாலு நாள் அவர் சத்தமே கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, முன்னறை ஜன்னலில் கருத்துப்போன வாழைப்பழம் ஒன்று தோலுரித்து வைத்திருந்தது. தூக்கிப் போடப் போனேன்.

“வெச்சுரு” என்றாள் அக்கா. “அண்ணன் வரோணுமல்ல.”

மறுநாள் சாயங்காலம் வாசலில் ஒரு விசில் கேட்டது. இரண்டு விசில் அவர் எவ்வளவு தாமதமாக அடித்தாலும் எங்களுக்கு அவசரமில்லை.