தெளிவையாவின் அற்புதக் கோப்பை

தெளிவையா ஒரு பார்வை பார்த்தால் போதுமாம், குடிப்பேய் குதித்து ஓடிவிடுமாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் ஓடும். மற்ற நாட்களில் ஐயாவுக்கு வெளியூரில் பேய்கள் காத்திருந்தன.

பழைய மரக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, நாலு மூலையிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். உள்ளே நிற்க இடமில்லை. மனைவிமார்களும் மாமனார்களும் ஆளுக்கொரு குடிகாரரை முழங்கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் கடிகாரக் கடைக்காரரும் இருந்தார். இவர் பகுத்தறிவு வாசகர் வட்டத்தின் ஆயுட்காலத் தலைவர். ஜோசியம், கைரேகை, ராசிக்கல் எல்லாவற்றையும் மேடை போட்டுக் கிழித்த சிங்கம். "நாம் ஆராயத்தான் வந்திருக்கிறோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆராய வந்தவர் தொப்பியை மூக்குவரை ஏன் இழுத்துவிட்டுக்கொண்டார்? கேட்டிருந்தால் வெயில் என்றிருப்பார். கிடங்குக்குள் ஏது வெயில்?

பக்கத்தில் அவருடைய தம்பி. கடையில் பழுதுபார்ப்பது அவன்தான். "சுவர்க் கடிகாரம் ஒண்ணு ரிப்பேராம்" என்று பொய் சொல்லி, கருவிப்பையோடு அவனை அழைத்து வந்திருந்தார் சிங்கம்.

கொஞ்ச காலமாகவே தம்பிக்குக் காலையில் கை நடுங்கியது. சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார் அண்ணன். வாயில் ஒரு வாடை வந்தது. கொப்பளிக்கும் மருந்து என்றார். கருவிப்பையில் தட்டையாக ஒரு பாட்டில், அதில் "பல்சக்கரம் துடைக்க" என்று சீட்டு. உலகத்தில் எந்தக் கடிகாரம் இத்தனை துடைப்பு கேட்கும் என்று அந்த மாபெரும் மூளை யோசிக்கவே இல்லை. அவன் நினைத்தால் நிறுத்திவிடுவான் என்பதில் அவருக்கு அப்படியொரு பக்தி.

போன வாரம் தம்பி மனைவி வந்து அழுதாள். "மாமா, நீங்களாவது அவர்கிட்ட வாயத் திறந்து பேசுங்க. இல்லன்னா நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன். சும்மா சொல்லல."

வாயைத் திறந்து பேசுவதா? நூறு பேர் முன்னால் முழங்கச் சொன்னால் முழங்குவார். சொந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்க நா எழவில்லை. அதைவிட அற்புதம் சுலபமாகப் பட்டது.

மேடையில் திருந்திய ஆள் ஒருவர் தோன்றினார். ஐயா ஒரு சாராய பாட்டிலைத் திறந்து கோப்பையில் ஊற்றினார். பழுப்பு நிறத்தில் பளபளவென்று இறங்கியது. திருந்தியவர் முகர்ந்தார், குமட்டினார், "வேண்டாம் ஐயா!" என்று அலறினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"எவ்வளவு பெரிய குடிகாரனா இருந்தாலும் வரட்டும்!" என்று மைக்கில் கர்ஜித்தார் ஐயா. "என் பார்வை பட்டா ஒரு வாய் இறங்காது!"

சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடை ஏறினான். தம்பி! கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான். பாதி சட்டையில் சிந்தியது, மீதியை ஒரே மடக்கில் விழுங்கினான். அவன் வாந்தி எடுப்பான் என்று கிடங்கே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது.

தம்பியின் முகம் தொங்கிப்போனது.

"அண்ணே! ஏமாத்திட்டாங்கண்ணே! இது வெறும் டீத்தண்ணி!"

கூட்டம் சிரித்தது. ஐயா அசரவில்லை. "பாத்தீங்களா? என் அருளால சரக்கே டீயா மாறிடுச்சு!"

கூட்டம் ஒரு நொடி யோசித்தது. யோசித்து என்ன பயன்? முன்பைவிடப் பலமாகக் கைதட்டியது.

கடைக்காரரின் நாக்கு நுனியில் அருமையான சொற்பொழிவு ஒன்று தயாராக இருந்தது. ஆனால் சாட்சி அவர் காலடியில், தம்பி விட்டுப்போன பைக்குள் இருந்தது. அதை எடுத்தால், என் தம்பி குடிக்கிறான், எனக்கு எப்போதோ தெரியும் என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். பேசாமல் நழுவிவிடலாமா என்றுகூடப் பார்த்தார். மேடையில் தம்பி காலிக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் குனிந்து பைக்குள் கையை விட்டார்.

தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு மேடை ஏறினார். தம்பியின் தட்டைப் பாட்டிலை ஐயாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது நிஜச் சரக்கு. என் தம்பியோடது. எங்க, இதையும் டீ ஆக்குங்க பாப்போம்."

"இன்னிக்கு... சக்தி தீந்துபோச்சு."

முன்வரிசைப் பெண் ஒருத்தி எட்டி ஐயாவின் பாட்டிலைப் பறித்து முகர்ந்தாள். "அட, டீதான்! அதுவும் ஆறிப்போன டீ!"

"அந்தத் திருந்தின ஆளு போன வாரம் எங்க ஊர்லயும் திருந்தினானே!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவ்வளவுதான். பேய் ஓடியதோ இல்லையோ, ஐயா பின்வாசல் வழியாக ஓடினார். கையில் பிடித்திருந்த மைக்கை அணைக்கக்கூட நேரமில்லை. அவருக்கு மூச்சு வாங்கியதை ஒலிபெருக்கி எல்லோருக்கும் அறிவித்தது.

வெளியே படிக்கட்டில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்தார்கள்.

"உனக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும். தெரியாத மாதிரி நடிச்சேன். பயம்டா."

தம்பி தலை குனிந்தான். "நானா ஒருவாட்டி நிறுத்திப் பாத்தேன். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. செத்துருவேன்னு பயந்து திரும்பக் குடிச்சிட்டேன்."

"இனிமே தனியா நிறுத்தாத. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம், டாக்டர் பாத்துக்கட்டும். நானும் கூடவே இருக்கேன்."

"கடை?"

"பூட்டிக் கிடக்கட்டும். கேட்டா, தம்பிக்குக் குடிநோய், வைத்தியம் பாக்கறோம்னு சொல்லிக்கிறேன்."

தம்பி அண்ணனின் சட்டையைப் பிடித்தான். "நாளைக்குன்னா என் மனசு மாறிடும்ணே. இப்பவே கூட்டிட்டுப் போ."

போனார்கள்.

தெளிவையா இந்நேரம் வேறு ஊரில் டீ ஆற்றிக்கொண்டிருப்பார். அவரைப் பிடிப்பது பெரிய காரியமில்லை, கையில் மைக் இருக்கும். "எங்க வீட்ல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று அருள்வாக்குச் சொல்லும் இன்னொரு சாமியார் இருக்கிறாரே, அவரிடம் மைக் கிடையாது. உங்கள் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார். கேள்வி கேட்கும் தைரியம் இருந்தால், முதலில் அவரைக் கேளுங்கள்.