ஜலராணிக்கு வீட்டு எண் கிடைத்த விதம்

பெருந்தொற்றுக் காலத்தில் குட்டநாட்டுக்குச் சுற்றுலாப் பயணி ஒருவர்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எங்கள் ஊர் வாத்துக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததையே முறைப்படி தெரிந்துகொள்ளத்தானே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன? ஒரு பல்கலைக்கழகம் (பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் என்னையும் ஆராய வந்துவிடுவார்கள்) இதற்கென ஓர் ஆய்வுத் திட்டம் வகுத்தது. தண்ணீரை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை எப்படிப் பயன்படுத்துவது என்று இன்னொரு திட்டமும் அவர்கள் கையில் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு தோணிக்குத்தான் அனுமதி கிடைத்தது. ஆகவே இரண்டையும் ஒன்றாக்கி, "பெருந்தொற்றுக் காலச் சுற்றுலாவும் அந்நியக் களைத் தாவரப் பயன்பாடும்: ஓர் ஒருங்கிணைந்த பார்வை" என்று பெயர் சூட்டி, எங்கள் வாய்க்காலுக்கு வந்து இறங்கினார் முனைவர் இந்துசூடன்.

நான் தாசப்பன். ஜலராணி என்கிற படகுவீட்டில் சமையல்காரன். பத்து மாதமாகச் சாப்பிட ஆளில்லாத சமையல்காரன். முதலாளி அவுசேப்பச்சன், ஊரே அவரை மரியாதையாக அச்சாயன் என்று கூப்பிடும். அவருக்கு அப்போது இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். ஏப்ரல் முப்பதுக்குள் ஜலராணியைத் துறைக்குக் கொண்டுவந்து சோதனைக்குக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உரிமம் ரத்து என்று படகு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. துறைக்குப் போகக் காயல் என்கிற பெரிய உப்பேரிக்குள் போக வேண்டும். காயலுக்குப் போக அரை கிலோமீட்டர் வாய்க்காலைத் தாண்ட வேண்டும். அந்த வாய்க்காலில் தண்ணீரையே காணோம். ஆகாயத்தாமரை அப்படி மண்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு நாய் தரை என்று நினைத்து அக்கரைக்கு நடக்கப் பார்த்து, பாதி முங்கித் திரும்பி வந்தது.

ஆகவே களையைப் பயன்படுத்த ஆள் வந்திருக்கிறார் என்றதும் அச்சாயன் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சாரே, வாங்க! எல்லாத்தையும் எடுத்துக்குங்க. வேரோட எடுத்துக்குங்க. மீன்கறியும் கப்பைக்கிழங்கும் நான் போடறேன்."

"எடுக்கத்தான் வந்திருக்கோம்," என்றார் இந்துசூடன். "மூணு கிலோ."

"மூணு கிலோவா?"

"மாதிரிக்கு. மீதி அப்படியே இருக்கணும். இது இப்ப களை இல்ல அச்சாயா, ஆய்வு வளம்."

மறுநாளே பலகை வைத்துவிட்டார்கள். "இது ஆய்வுப் பகுதி. களைகளைப் பறிக்காதீர்." அச்சாயன் கழியை எடுத்துக்கொண்டு படகின் மூக்குப் பக்கம் கொஞ்சம் விலக்கப் பார்த்தார். "ஐயோ, அது ஒப்பீட்டுப் பாத்தி! கை வைக்காதீங்க!" என்று கரையில் நின்று கத்தினார் முனைவர்.

சுற்றுலாப் பயணிகள் ஐம்பது பேரிடம் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும் என்பது திட்டத்தின் மறுபாதி. பயணிக்கு எங்கே போவது? முதல் வாரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் என்னைப் பார்த்தார்.

"உங்க வீடு எங்க?"

"அக்கரையில."

"இங்க எப்படி வர்றீங்க?"

"தோணியில, களையைத் தள்ளிக்கிட்டு."

"வந்து?"

"சும்மா உக்காந்திருக்கேன் சார். வேலை ஏது?"

"அப்ப நீங்க உள்நாட்டுப் பயணி. வருகையின் நோக்கம், ஓய்வு." எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு மீன்காரி பயணியானாள், தபால்காரர் பயணியானார். பெருந்தொற்றுக் காலத்திலும் எங்கள் ஊரில் சுற்றுலா செழிப்பாக நடந்தது என்பது அறிக்கையின் முதல் முடிவு.

அச்சாயன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. காயலுக்குக் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் நெல் அறுப்பு முடிந்ததும் மதகைத் திறப்பார்கள். கடலிலிருந்து உப்புத்தண்ணீர் உள்ளே வரும். உப்புப் பட்டால் ஆகாயத்தாமரை மஞ்சளாகி, அழுகி, முங்கிப்போகும். செலவில்லை, கருவியில்லை, முனைவர் பட்டமும் தேவையில்லை. "அறுப்பு முடியட்டும்டா தாசப்பா, கடல் வந்து பாத்துக்கும்," என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதை ஒருநாள் முனைவரிடமும் சொல்லித் தொலைத்தார். இந்துசூடன் குடித்துக்கொண்டிருந்த பாலில்லாத கட்டன்சாயாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எப்ப திறப்பாங்க?"

"இன்னும் பத்து நாள்ல."

"அடுத்த மாசம் துணைவேந்தர் வந்து களைப் பயன்பாட்டு மையத்தைத் திறந்து வைக்கறார். களையே இல்லாம களைப் பிரச்சினையை நான் எப்படித் தீர்க்கறது?"

கேட்டால் நியாயம்தான். அதே நியாயம் மேலிடத்துக்கும் தோன்றியது. "ஆராய்ச்சி நலன் கருதி மதகுகள் மறு உத்தரவு வரை மூடியே இருக்கும்" என்று அறிவிப்பு வந்தது. இறால் உள்ளே வராமல் மீன்பிடிக்கிறவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். துணைவேந்தருக்குத் தொற்று வந்தது, பிறகு அவருடைய காரோட்டிக்கு வந்தது, விழா தள்ளிக்கொண்டே போனது.

ஏப்ரல் இருபத்தாறு. அச்சாயனும் நானும் வரப்பு வரப்பாக நடந்து, பஸ் பிடித்து, படகு அலுவலகத்துக்குப் போனோம்.

"படகு எங்க?" என்றார் அதிகாரி.

"களையில மாட்டிக்கிட்டிருக்கு சார். நீங்க ஒரு நடை வந்து பாத்தா..."

"படகு அதிகாரிக்கிட்ட வரணும். அதிகாரி படகுக்கிட்ட போகச் சட்டத்துல இடமில்லை."

"வாய்க்கால் அடைச்சிருக்கே சார்!"

"அடைச்சிருக்குன்னு யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன். கண்ணால பாத்துட்டுத்தான் வர்றேன்."

"கண்ணெல்லாம் ஆதாரம் ஆகாது. களை பல்கலைக்கழகத்துப் பொறுப்புல இருக்கு. அவங்ககிட்ட சான்று வாங்கிட்டு வாங்க, தவணை தர்றேன்."

அலையக் கூலி கேட்காத கால்கள் எங்களுடையவை. இந்துசூடனிடம் ஓடினோம். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"தர முடியாதே அச்சாயா. எங்க திட்டத்தால களை எழுபத்திரண்டு விழுக்காடு குறைஞ்சிடுச்சுன்னு போன வாரம்தான் அறிக்கை அனுப்பினேன். இப்ப அடைச்சிருக்குன்னு எப்படி எழுதறது?"

"குறைஞ்சிடுச்சா? அப்ப இது என்ன சாரே?" அச்சாயன் கையை நீட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை.

"இது மீதி இருபத்தெட்டு."

அச்சாயன் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் படகைக் கட்ட அவர் பன்னிரண்டு வருஷம் வளைகுடா வெயிலில் கிடந்தவர். என் முன்னால் அழுதது அன்றைக்குத்தான். எனக்கு முனைவரைத் தூக்கி அந்த இருபத்தெட்டுக்குள் போடலாமா என்று வந்தது.

அதே முனைவர்தான் வழியும் சொன்னார். "படகு அசையலன்னா அது ஏன் படகா இருக்கணும்? உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க. பஞ்சாயத்துல வீட்டு எண் வாங்குங்க. வீட்டை யாரும் துறைக்குக் கொண்டுவரச் சொல்ல மாட்டாங்க."

அச்சாயன் யோசித்தார். ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி உரிமத்தைக் கொடுத்தார். ஜூனில் பஞ்சாயத்து ஆள் வந்து, ஜலராணியின் விலாவில் "4/218" என்று வெள்ளைச் சாயத்தில் எழுதிவிட்டுப் போனான். எழுதும்போது படகு லேசாக ஆடியது. "வீட்டை ஆட்டாதீங்க," என்று அதட்டினான்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இந்துசூடன் எங்களைப் பற்றி "அசையாச் சுற்றுலா" என்று ஒரு கட்டுரை எழுதினார். ஊரடங்கு தளர்ந்ததும் கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். ஓடுகிற படகில் போவது பழைய பாணியாம். நகராத படகில் உட்கார்ந்து களையைப் பார்ப்பதுதான் புதுசாம்.

"இங்க ஒண்ணுமே நடக்காதா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஒண்ணும் நடக்காது மேடம்."

"அப்ப இன்னும் ரெண்டு நாள் இருக்கோம்."

ஆகாயத்தாமரைத் தண்டில் முடைந்த தொப்பியைப் போட்டுக்கொண்டு, நெற்றியைச் சொறிந்துகொண்டே தியானம் செய்தார்கள். நான் அந்தத் தண்டுத் தட்டில் கப்பையும் மீன்கறியும் பரிமாறினேன். தட்டு கறியைக் குடித்துவிடும். அதையும் இயற்கை என்று படம் எடுத்தார்கள்.

அடுத்த ஏப்ரலில் அணைக்கு ஒரு புது அதிகாரி வந்தார். கோப்பைப் படிக்க நேரமில்லாமல், மதகைத் திறந்துவிட்டார். இந்தக் கதையில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், அதுவும் கவனக்குறைவால் நடந்தது.

இரண்டு வாரம் ஒரே நாற்றம். அதன்பின் ஒரு காலையில் பல் துலக்க வந்தவன் கத்திவிட்டேன். வாய்க்காலில் தண்ணீர்! வெயில் பட்டு, காயல் வரைக்கும் ஒரே மினுக்கம்.

அச்சாயன் கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கேட்டது எதிரே ஓடிக்கொண்டிருந்தது. "எவ்வளவு அழகா இருக்குடா!" என்றார். கை தானாக இன்ஜின் பக்கம் போனது. பாதியில் நின்றது. 4/218. உரிமம் போன பொருளை ஓட்டினால் படகு அலுவலகம் பிடிக்கும், எண் உள்ள வீட்டை நகர்த்தினால் பஞ்சாயத்து பிடிக்கும்.

போன் அடித்தது. சனிக்கிழமைக்குப் பதிவு செய்த பெங்களூர்க்காரர்கள்.

"களை இருக்குமில்ல?"

அச்சாயன் தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இருக்கும் மேடம். நிறைய இருக்கும்." போனை வைத்துவிட்டு, "தாசப்பா, கூடையை எடு," என்றார்.

உப்பு எட்டாத மேல்வாய்க்காலுக்குத் தோணியில் போனோம். குனிந்து குனிந்து களையை அள்ளினோம், வேர் அறுந்துவிடாமல், பிள்ளையைத் தூக்குவது போல. தோணி நிறையப் பச்சையோடு திரும்பும்போது எதிரே வர்க்கிச்சனின் படகு வந்தது. காயலோரம் கட்டியிருந்ததால் உரிமம் தப்பிய ஆள். மேல்தளத்தில் இருபது பயணிகள், கையில் கேமரா.

"அவங்க என்ன பண்றாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"களையை ஒழிக்கறாங்க சார்," என்றான் வர்க்கிச்சன். "நல்ல மனுஷங்க."

இருபது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அச்சாயன் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். நானும்தான்.