பொத்தான் மச்சான்

நோயாளியின் தலைமாட்டில் ஒரு ஜீவன் உட்கார்ந்திருக்குமே, பார்த்திருப்பீர்கள். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று நோயாளியைக் கேட்டால், "நேத்துக்கு இன்னிக்குத் தேவலை" என்று முந்திக்கொண்டு பதில் சொல்லும். நமது பொத்தான் மச்சான் அந்த இனம்.

அவருடைய தங்கை கணவர் ஒரு தையல்காரர். மாடிப்படியில் உருண்டு கழுத்தில் அடிபட்டதில், மூளை சொல்வது வலது கைக்குப் போய்ச் சேரவில்லை. முன்கையில் பட்டை ஒட்டி, தனியே இருக்கும் கையடக்கப் பொத்தானை அமுக்கினால் லேசாக மின்சாரம் பாய்ந்து விரல்கள் விரியும்படி ஒரு கருவி கொடுத்தார்கள். பயிற்சி தரும் அம்மா படித்துப் படித்துச் சொன்னார்: "முதல்ல அவர் விரிக்க முயற்சி பண்ணணும். அப்புறந்தான் பொத்தான். இல்லேன்னா மிஷின்தான் விரிக்கும், கை கத்துக்காது." மறுபடி கத்திரி பிடிக்கவேண்டும், தையல்காரருக்கு வேறு ஆசையே இல்லை.

மச்சான் தலையாட்டினாரா? ஆட்டினார். கேட்டாரா? அதுதான் இல்லை. பழப் பையோடு யாராவது வாசலில் தலைகாட்டினால் போதும், செருப்பைக் கழற்றுமுன் அவரை நாற்காலியில் அமர்த்தி, தொண்டையைக் கனைத்து, மின்சாரத்தையே தாம்தான் கண்டுபிடித்தவர்போல் விளக்கி, பொத்தானை அமுக்குவார். விரல்கள் விரியும். வந்தவர் "அடேயப்பா!" என்பார். மச்சானுக்கு முகமெல்லாம் பல்.

"மச்சான், கொஞ்சம் பொறுங்க. நானா முயற்சி பண்ணிப் பாக்கறேன்."

"நீங்க ஏன் மாப்ளே சிரமப்படறீங்க? நான்தான் இருக்கேன்ல!"

சாயங்காலம் பயிற்சியம்மா வந்து "எங்கே, விரிங்க பாப்போம்" என்றால், நாளெல்லாம் கச்சேரி செய்து களைத்த கை கிடந்தபடி கிடக்கும். தையல்காரர் கண்ணில் தண்ணீர் முட்டும். "மாப்ளே மனசே வெக்க மாட்டேங்கறாரும்மா" என்று மச்சானின் புகார் வேறு.

ஒருநாள் காலையிலேயே தபால்காரர் மாட்டிக்கொண்டார். மச்சான் இரு கைகளையும் வீசி விளக்கிக்கொண்டிருக்க, பொத்தான் மேஜையில் கிடந்தது. தையல்காரர் பல்லைக் கடித்தார். ஆள்காட்டி விரல், கூச்சப்படும் விருந்தாளிபோல, மெல்ல நிமிர்ந்தது.

"அடேயப்பா!" என்றார் தபால்காரர்.

மச்சான் திடுக்கிட்டுத் திரும்பினார். "நான் இன்னும் அமுக்கவே இல்லையே! யாரு அமுக்கினது?"

"யாரும் அமுக்கல மச்சான். நான்தான்." தையல்காரர் அழுதுகொண்டே சிரித்தார்.

மச்சானுக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கலங்கிய கண்ணோடே கை மேஜையைத் துழாவியது: "பிரமாதம் மாப்ளே! இருங்க, இன்னொரு தடவை நான்..."

தங்கை பொத்தானை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துத் திணறும்போது, மீதியைச் சொல்லி முடிப்பது யார்? அடடா, பதிலை நானே சொல்லிவிடுவேன் போலிருக்கிறதே. நீங்களே சொல்லுங்கள்.