எட்டாம் நம்பர் பட்டை

இரண்டு உறைகளையும் கடையிலேயே பிரித்தார் மாமனார். பெரிய மாப்பிள்ளைக்கு இருபதுக்குப் பதினொன்று. சின்ன மாப்பிள்ளைக்குப் பதினெட்டு.

"பரவாயில்ல மாப்ள, முதல் வாரம்தானே," என்றார். அந்தப் 'பரவாயில்ல'தான் பெரியவருக்குச் சுருக்கென்று தைத்தது.

ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள் என்று நாலாயிரம் சாமான் உள்ள கடை அது. எது எந்த இழுப்பறையில் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் மாமனாரின் தலைக்குள் இருந்தது. அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. கல்லாவில் யாரை உட்கார வைப்பது என்று அவர் குழம்பிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆய்வகத்தின் அறிவிப்பு கண்ணில் பட்டது. செல்போன் அலைகள் மூளையை என்ன செய்கின்றன என்று பார்க்க ஆட்கள் தேவை. நாலு வாரம், வாரத்துக்கு ஒருமுறை. தலையில் பட்டை கட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். பட்டையின் கம்பி கணினிக்குள் போகும். பிறகு அது இருபது வார்த்தைகளைக் காட்டி மறைக்கும். நினைவிருப்பதைத் தட்டச்சு செய்ய வேண்டும். யாருக்கு நினைவு அதிகமென்று பார்க்க மாமனார் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார். மதிப்பெண் வாராவாரம் உறையில் வரும்.

பெரியவர் பதினாறு வருஷமாகக் கடையில் இருக்கிறார். சின்னவர் வந்து மூன்றே வருஷம்.

"எப்படி சகலை பதினெட்டு?"

"தெரியல அண்ணே. சும்மா படம் மாதிரி ஓடுச்சு."

அன்று மாலை பெரியவர் ஆய்வகம் கொடுத்த தாளை வரி விடாமல் படித்தார். பாதிப் பட்டைகளில் அலை வரும். மீதி வெறும் பட்டை. எது எதுவென்று கட்டிவிடும் பெண்ணுக்கும் தெரியாது.

"பார்த்தியா! எனக்கு வெறும் பட்டை. அவன் மூளைக்கு மட்டும் உரம் போடறாங்க!"

"அலை மூளைக்குக் கெடுதல்னு இல்ல சொல்றாங்க?" என்றாள் மனைவி.

"கெடுதல்னா உன் தங்கச்சி புருஷனுக்கு எப்படிப் பதினெட்டு வரும்?"

"அவருக்கு மூளை இருக்கோ என்னவோ."

அதன்பின் பெரியவர் மனைவியுடன் பேசவில்லை. காதுக்கு ஒன்றாக இரண்டு செல்போன்களைத் துண்டால் கட்டிக்கொண்டு படுத்தார். ஒன்று அவருடையது, மற்றது அவளுடையது. விடிய விடிய இரண்டிலும் குறுஞ்செய்தி வந்து கிணுகிணுத்தது. ஒரு வாரம் இப்படித் தூக்கம் கெட்டதில் அடுத்த உறையில் ஒன்பது வந்தது. சின்னவருக்குப் பத்தொன்பது.

"உடம்புக்கு ஏதாவது சரியில்லையா மாப்ள?" என்று கேட்டார் மாமனார். கேட்ட குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

செல்போன் போதவில்லை என்று முடிவு செய்தார் பெரியவர். கடையின் வைஃபை பெட்டி பெயிண்ட் அலமாரியின் உச்சியில் இருந்தது. ஏணி போட்டு, பெட்டியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அங்க என்ன பண்றீங்க?"

"சரக்கு பார்க்கறேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

பதில் சொல்லத் திரும்பியபோது ஏணி வழுக்கியது. பச்சை பெயிண்ட் இரண்டு டப்பா திறந்து கொட்டியது. மூன்றாவது வாரம் முழங்காலில் கட்டோடு போனார். ஏழு. சின்னவருக்கு மறுபடி பத்தொன்பது.

"அடுத்த வாரம் கடைசி," என்றார் மாமனார், இந்த முறை சின்னவரைப் பார்த்து.

நாலாவது வாரம் பெரியவர் கால் மணி நேரம் முன்னதாகப் போனார். அறையில் ஆள் இல்லை. அவரவர் நாற்காலியில் அவரவர் பட்டை தயாராக இருந்தது. எண் உள்பக்கம் சின்னதாக எழுதியிருக்கும்: அவருடையது ஏழு, சகலையுடையது எட்டு. இரண்டு பட்டைகளையும் நாற்காலி மாற்றி வைக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. கட்டிவிடும் பெண் உள்பக்கம் பார்க்கவில்லை.

சோதனையில் எட்டு வார்த்தைக்கு மேல் நினைவு வரவில்லை. அதிலும் 'நாற்காலி' இரண்டு தடவை. ஆனாலும் நெற்றி கதகதவென்று இருந்ததாக அவருக்குத் தோன்றியது.

உறை வந்தது. பெரியவருக்குப் பத்தொன்பது! சின்னவருக்கு ஏழு.

"கடைசியில நிமிர்ந்துட்டீங்களே மாப்ள!" என்று மாமனார் அவர் கையைப் பிடித்துக் கல்லாவில் உட்கார வைத்தார். சின்னவர் மனதாரக் கைதட்டினார். அது நடிப்பு என்றே பெரியவர் நம்பினார்.

மறுநாள், பட்டை கட்டிவிடும் பெண் தாழ்ப்பாள் வாங்க வந்தாள். பெரியவர் நாலு இழுப்பறையைத் திறந்தார். எல்லாவற்றிலும் திருகு.

"மூணாவது வரிசை, ஒன்பதாவது, அண்ணே," என்றார் சின்னவர் நிமிராமலே.

பெரியவர் நெற்றியைத் தடவிப் பார்த்தார். பட்டையின் வேகம் இறங்கிவிட்டது போல. பக்கத்தில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெரியவர் அந்தப் பெண்ணிடம் குனிந்து, "மேடம், அந்த எட்டாம் நம்பர் பட்டையை எனக்கே கொடுத்துடுங்களேன்," என்றார்.

"உங்களுது ஏழு ஆச்சே?"

"கடைசி வாரம் நைசா மாத்திக்கிட்டேன். அதான் பத்தொன்பது!"

அவள் தாழ்ப்பாளைக் கீழே வைத்தாள். பேப்பரும் மெல்லக் கீழே இறங்கியது.

"ஐயோ சார், கம்ப்யூட்டருக்கு ஆள் தெரியாது. பட்டை நம்பருக்குத்தான் மார்க் போடும்."