பச்சை வயர் சும்மா அழகுக்கு

ஒட்டுவயர்க்காரர் என்று ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்து வருகிறது. கொம்பும் கிடையாது, வாலும் கிடையாது. ஆகவே சட்டென்று அடையாளம் தெரியாது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். வயர்த் தோலை உரித்து உரித்து முன்பல்லில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அவரேதான். ரோட்டோரத்தில் யாரோ வீசிய மின்விசிறியைக் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். விசிறியை அங்கேயே விட்டுவிட்டு வயரை மட்டும் அறுத்துக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் அதைத் துடைத்து, சுருட்டி, இதே போல் சுருண்டு கிடக்கும் நூற்றுப் பதினாறு வயர்களோடு படுக்க வைப்பார்.

“எதுக்குங்க இது?” என்பார் மனைவி.

“தேவப்படும்.”

எப்போது தேவைப்படும்? அதை மட்டும் கேட்கக்கூடாது.

புக்கிட் செலம்பாவில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் என்கிற வீடமைப்புப் பகுதியில் குடியிருக்கும் பக்கிரிசாமி இந்த இனத்தில் தலையாயவர். சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பெட்டி கட்டி ஓய்வு பெற்றவர். மின்சாரத்தை அவர் படித்ததில்லை. மின்சாரம்தான் அவரைப் பலமுறை பிடித்துப் பார்த்திருக்கிறது.

ஆனாலும் அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. “கரண்டுங்கறது தண்ணி மாதிரிலா. ஒரு வயர்ல வரும், இன்னொரு வயர்ல போவும். அவ்ளோதான்.” வளைந்து கொடுக்கிற ரப்பர்த் தோல் வயரை அறுத்துப் பார்த்தால் உள்ளே மூன்று கம்பிகள் இருக்குமே, அதற்கு என்ன சொல்வார்? பழுப்பில் வரும். நீலத்தில் போகும். பச்சையும் மஞ்சளுமாக வரி போட்ட மூன்றாவது?

“அது சும்மா அழகுக்கு.”

அழகு வீணாகலாமா? வயருக்குள்ளிருந்து பச்சையை மட்டும் உருவி எடுத்து அவரைக்காய்ப் பந்தல் கட்டினார், துணி காயப்போடக் கொடி கட்டினார், கேட்டுக்குத் தாழ்ப்பாள் கட்டினார். பச்சையை இழந்த வயர்கள் மீன்தொட்டிக்கும் மாவு மிஷினுக்கும் வேலைக்குப் போயின. துணி துவைக்கும் மிஷினைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று மனைவி பிரேமாவதி சொன்னபோது, “லேசான சுர்ரு ரத்த ஓட்டத்துக்கு நல்லது. பினாங்குல காசு குடுத்து வச்சிக்கிறானுங்க” என்றார். வீட்டு மெயின் பெட்டியில், கசிவு கண்டால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று உண்டு. அது அடிக்கடி விழுந்தது. “பயந்தாங்கொள்ளி” என்று அதற்குப் பெயர் வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறி அதன் பயத்தைப் போக்கினார். அதற்குப் பிறகு அது எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு லூர்து மேரி, “அண்ணே, எங்க வீட்லயும் விழுந்துகிட்டே இருக்கு” என்றதும் அங்கேயும் போய் வைத்தியம் பார்த்தார். லூர்து மேரி மீன் கட்லெட் செய்து விற்பவர். அவருடைய சமையலறை பிளக் கருகிப்போனபோது, தன் வீட்டிலிருந்து சன்னல் வழியாக வயர் இழுத்து அவருடைய பிரீசருக்கு உயிர் கொடுத்தவரும் பக்கிரிசாமிதான். இனத்தின் இன்னொரு குணம் இது: உதவி என்று யாராவது வாயெடுப்பதற்குள் வயரோடு வந்து நிற்பார்.

இப்படிப்பட்டவருடைய மகள் ஷாமளாவுக்கு ஜித்ராவில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் சசிதரன். பையனின் அப்பா தர்மலிங்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடமாகச் சார்ஜ்மேன். அதாவது மின்சாரத்தைக் கட்டி மேய்க்க அரசாங்கம் சான்றிதழ் கொடுத்திருக்கிற ஆள். இதைக் கேட்டதும் பக்கிரிசாமிக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்ததோ ஆனந்தம்.

“நாங்க ரெண்டு பேரும் ஒரே தொழிலு!” என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

நிச்சயதார்த்தத்தை வீட்டு முன்னாலேயே வைத்தார்கள். இரும்புக் கால் நட்ட வாடகைப் பந்தல், ஆறு விசிறி, இரண்டு ஒலிபெருக்கி, ஓடிக்கொண்டே இருக்கிற வண்ண விளக்குகள், தண்ணீர் கொட்டுகிற ஒரு பிளாஸ்டிக் அன்னப்பறவை. “ஒரு வயர்மேனக் கூப்பிட்டுக்கலாமே” என்றார் பிரேமாவதி. “என் மக விசேசத்துக்கு நான் வேலைக்கு ஆள் வைப்பேனா?” என்று மூன்று நாள் தூங்காமல் வயர் இழுத்தார் பக்கிரிசாமி. தன் வீட்டில் பிளக் மிச்சமில்லாததால் லூர்து மேரி வீட்டு வரவேற்பறையிலிருந்து ஒரு வயர் எடுத்து, கொய்யா மரத்தில் ஏற்றி, கூரைத் தகரத்தில் நடத்தி, பந்தல் காலில் இறுக்கிக் கட்டி இறக்கினார். பதினேழு ஒட்டு. எல்லாம் பல்லால் உரித்தது.

காலையில் மழை பெய்து ஒன்பது மணிக்கு விட்டது. பத்தரைக்கு ஜித்ரா வேன் வந்தது. விசிறிகள் சுழன்றன, அன்னப்பறவை நீர் கொட்டியது, பக்கிரிசாமியின் நெஞ்சு பூரித்தது. பாய் விரித்திருந்த இடத்துக்கு முன்னால் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். மாப்பிள்ளையின் அம்மா நவமணி ஆரஞ்சுத் தட்டோடு ஈரப் புல்லில் வெறுங்காலை வைத்தார். சறுக்கியது. விழாமலிருக்கப் பந்தல் காலைப் பிடித்தார்.

வீல் என்று ஓர் அலறல். தட்டு பறந்தது. நல்லவேளை, கை உதறிக்கொண்டு விலகிவிட்டது. ஆரஞ்சுகள் உருண்டோட, கொண்டை அவிழ, உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியபடி புல்வெளியில் நின்றார் நவமணி.

முதலில் புரிந்துகொண்டவர் எதிர்வீட்டு இராசாத்தி. அதாவது, தனக்குப் புரிந்ததாக நினைத்துக்கொண்டவர்.

“அம்மா எறங்கிட்டா! சம்மந்தியம்மா மேல அம்மா எறங்கிட்டா!”

அவ்வளவுதான். பெண்கள் குலவை போட்டார்கள். ஒருவர் திருநீறு எடுக்க ஓடினார், ஒருவர் எலுமிச்சை எடுக்க ஓடினார். லூர்து மேரி எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டார். யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தூக்கிவிட்டார்கள்.

“தண்ணி ஊத்தாதீங்க!” என்று கத்தினார் தர்மலிங்கம்.

“அம்மா தண்ணி வேணாங்கறா!” என்று அறிவித்தார் இராசாத்தி.

“யாரும் அந்தக் காலத் தொடாதீங்க!”

இராசாத்தி உட்பட அத்தனை பேரும் பயபக்தியோடு நாலடி பின்வாங்கி, கும்பிட்டார்கள்.

“தாயே, கல்யாணத்த தை மாசம் வச்சிக்கலாமா? ஒரு வார்த்த சொல்லு!”

நவமணிக்கு நாக்குக் குழறியது. “கரண்டு… கரண்டு…”

“கரண்டி கேக்குறா! அம்மா கரண்டி கேக்குறா! சமையக்கட்டுல இருந்து பெரிய கரண்டியா எடுத்தாங்க!”

நடந்தது என்ன என்று அந்தக் கூட்டத்தில் அப்போது மூன்று பேருக்குத்தான் தெரியும். நவமணிக்குத் தெரியும், பேச வரவில்லை. தர்மலிங்கத்துக்குத் தெரியும், கேட்க ஆளில்லை. மூன்றாவது ஆள், வயர் கட்டியவர். தான் இறுக்கிக் கட்டிய இடத்தில் வயர்த் தோல் அறுந்து கம்பி இரும்பைத் தொட்டிருக்கிறது என்பது பக்கிரிசாமிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம். அவரோ இராசாத்தியைப் பார்த்தார், நவமணியைப் பார்த்தார், தானும் கைகூப்பிவிட்டார்.

தர்மலிங்கம் நேரே வீட்டுக்குள் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். வெளியே விசிறிகள் சுழன்றுகொண்டே இருந்தன. அன்னப்பறவையும் நிற்கவில்லை. பதிலாகப் பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து லூர்து மேரியின் மகள் கத்தினாள்: “ஐயோ, பிரீசர் நின்னு போச்சு!”

முப்பது வருட அனுபவத்தில் தர்மலிங்கம் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. “இந்த வீட்டுக் கரண்ட அடைச்சா அந்த வீடு நிக்குது. அப்போ இந்தப் பந்தலு எந்த வீட்டுது?”

“அந்த வீடு” என்றார் பக்கிரிசாமி, தரையைப் பார்த்தபடி.

லூர்து மேரி வீட்டிலும் சுவிட்சை இறக்கிய பிறகுதான் விசிறிகள் அடங்கின. நவமணியை உட்கார வைத்து, கையைத் தேய்த்துவிட்டு, இனிப்பாக மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கோடு, வேறு பாதகமில்லை. தர்மலிங்கம் பட்டு வேட்டியோடு புல்லில் குந்தினார். பதினேழு ஒட்டில் ஒன்றைப் பிரித்தார்.

“சம்மந்தி, இதுல பச்ச எங்க?”

வாசலைப் பார்த்தார் பக்கிரிசாமி. எல்லோரும் பார்த்தார்கள். அங்கே இரண்டு வாழை மரங்கள் பச்சை-மஞ்சள் வயரால் கேட்டோடு அம்சமாகக் கட்டப்பட்டிருந்தன.

“அது… சும்மா அழகுக்குத்தானே, சம்மந்தி.”

தர்மலிங்கம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். தாகம் எடுத்ததோ என்னவோ, குளிர்ந்த தண்ணீர் கேட்டார். ஷாமளா சமையலறைக்குள் போனாள். பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, எல்லாம் சரி. குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று, சுவரோரம் இருந்த பெரிய ரப்பர் சிலிப்பரில் கால்களை நுழைத்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். மின்சாரம் நிறுத்திய பெட்டிதான், பழக்கம் விடவில்லை. பின்னாலேயே வந்த தர்மலிங்கம் வாசலில் நின்றுவிட்டார்.

“எதுக்கும்மா சிலிப்பர்?”

“எங்க வீட்ல அப்படித்தான் அங்கிள். போடலனா கடிக்கும்.”

“எத்தன வருசமா?”

“நான் பாரம் த்ரீ படிக்கறப்பலருந்து. பதினோரு வருசம்.”

தர்மலிங்கத்துக்குப் பின்னால் நின்ற பக்கிரிசாமி இதைக் கேட்டார். அந்தச் சிலிப்பரை அவர் தினமும் பார்த்திருக்கிறார். சுத்தத்துக்காகப் போடுகிறார்கள் என்று நினைத்து நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னவர் அவர். அவர் கை வைத்தால் கடிக்காது. அவர்தான் வீட்டுக்குள்ளேயே காலணி போட்டுத் திரிகிறவராயிற்றே. மனைவியும் மகளும் பதினொரு வருடமாக அவருடைய மின்சாரத்துக்குப் பயந்து சிலிப்பர் மாட்டி நடந்திருக்கிறார்கள். துணி மிஷின் சுர்ரென்றது என்று ஒரு முறை சொன்னதோடு சரி, அவர் மனம் நோகக்கூடாது என்று அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார். அந்தச் சமயத்தில் அவரைப் பார்த்து யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

“சம்மந்தியம்மாவ புடிச்சது சாமி இல்ல” என்று பந்தலுக்கு வந்து சத்தமாகச் சொன்னார். “என் வயரு. தெரிஞ்சும் கும்புட்டுகிட்டு நின்னேன். என்ன மன்னிச்சிருங்க.”

கும்பிட்ட கைகள் கீழே இறங்கின. இராசாத்திக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். கையில் கரண்டி வேறு. நவமணி மைலோவைக் கீழே வைத்தார்.

“வேற வீடா இருந்தா இப்பவே வேன்ல ஏறியிருப்பேன். பொண்ண பாத்தேன், ஏற மனசு வரல. ஆனா ஒண்ணு. சீக்கிரமா அவள இந்த வீட்லருந்து கூட்டிட்டுப் போவணும். தை வரைக்கும் தாங்காது. ஆவணியிலயே வைங்க.”

தட்டு மாற்றினார்கள். விசிறி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. வாழை இலையால் விசிறிக்கொண்டார்கள். பாட்டு அலறாததால், தாமானிலேயே முதல்முறையாக ஒரு விசேசத்தில் ஐயர் என்ன சொல்கிறார் என்பது எல்லோர் காதிலும் விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை தர்மலிங்கம் ஜித்ராவிலிருந்து உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வீட்டுக்கும் புது வயர். பக்கிரிசாமிக்குக் கொடுத்த வேலை, ஏணியைப் பிடிப்பது.

“வயர் எங்கயாச்சும் பிஞ்சா, கரண்டு யாரு மேலயாச்சும் போவப் பாக்கும்” என்றார் தர்மலிங்கம், ஏணி மேல் நின்று பச்சைக் கம்பியை முடுக்கியபடி. “அப்படிப் போற கரண்ட, ‘நீ இங்க வா’ன்னு கையப் புடிச்சி மண்ணுக்குள்ள கொண்டு போறது இதுதான். வருசம் பூரா சும்மா இருக்கும். ஒரு நாளு வேல செய்யும்.”

“அப்பன் மாதிரி” என்றார் பக்கிரிசாமி மெல்ல.

“நல்ல அப்பன் மாதிரி” என்றார் தர்மலிங்கம். பக்கிரிசாமி ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பக்கிரிசாமி சேர்த்து வைத்த நூற்றுப் பதினாறு வயரையும் பழைய சாமான் லாரி ஏற்றிக்கொண்டு போனது. லாரி திருப்பத்தில் மறையும்வரை கேட்டருகே நின்றார். 

ஆவணியில் சுங்கைப்பட்டாணி மண்டபத்தில் கல்யாணம். தாலி கட்டியாயிற்று, வாழ்த்துரை வழங்க வேண்டிய நேரத்தில் மைக் வயர் மேடைக்கு எட்டவில்லை. மூன்றடி குறைந்தது. “யார்கிட்டயாச்சும் எக்ஸ்டென்ஷன் இருக்கா?” என்று கேட்டுவிட்டார் அறிவிப்பாளர். பக்கிரிசாமி பாதி எழுந்தார். பிரேமாவதி வேட்டியைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்தார்: மண்டபம் முழுக்க, வங்கி அதிகாரி, பள்ளி ஆசிரியர், காரோட்டி, கோயில் தலைவர் என்று பதினொரு ஆண்கள் எழுந்து, கார் சாவியைத் தேடியபடி வாசலை நோக்கி முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முதல் ஆள் மணமகன் சசிதரன்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் பக்கத்தில் கைபேசி ஒன்று சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறதல்லவா? அந்தச் சார்ஜர் வயரின் கழுத்தில், தோல் பிய்ந்து கம்பி எட்டிப் பார்க்கிற இடத்தில், செலோடேப்பை நாலு சுற்றுச் சுற்றி, “இன்னும் ரெண்டு வருசம் ஓடும்” என்று சொன்னது யார்?