வளைந்த குழாயும் முப்பத்தொரு கட்டுரைகளும்

மனிதன் இறக்கையால் பறந்தான் என்று பள்ளிக்கூடப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். மனிதன் பறப்பது ஆய்வுக் கட்டுரைகளால். இந்தப் பேருண்மையை உலகுக்கு உணர்த்திய பெருமை எங்கள் வான்பயணத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தையே சேரும். எங்களிடம் விமானங்கள் ஆறு. கட்டுரைகள் ஆண்டுக்கு நூற்று நாற்பது. மழை தூறினால் விமானங்கள் கொட்டகைக்குள் போய் நின்றுகொள்ளும். கட்டுரைகளுக்கு அந்தப் பலவீனம் கிடையாது. அவை எந்த வானிலையிலும் வெளியே வரும்.

அவற்றை வெளியே கொண்டுவரும் 'வெளியீட்டுப் பிரிவு'க்கு நான் தலைவன். விமானத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் என்னால் பாரபட்சமில்லாமல் பணியாற்ற முடிந்தது. ஒரு கட்டுரையாக வருவதை மூன்றாக அறுத்து, மூன்றையும் ஒன்றையொன்று மேற்கோள் காட்ட வைத்து, மூன்று மாத இடைவெளியில் அனுப்புவது என் தொழில்.

எங்கள் பொற்காலம் ஒரு திங்கட்கிழமை காலையில் தொடங்கியது. கொட்டகையில் பழுதுபார்க்கும் பெண்மணி ஒருவர் எங்கள் இயக்குநரின் அறைக்குள் வந்தார். பதினைந்து வருட அனுபவம். எல்லோருக்கும் அவர் 'ஸ்பானர் அக்கா'. அவரைவிடப் பத்து வயது மூத்த இயக்குநருக்கும் அக்காதான். கையில் எண்ணெய்க் கறை படிந்த ஒற்றைத் தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"சார், மூணாம் நம்பர் விமானத்துல உயரம் காட்டுற முள் அப்பப்போ நின்னு போகுது. அதுக்குக் காத்து போற குழாய் ஒரு இடத்துல தொய்ஞ்சு வளைஞ்சிருக்கு. வளைவுல தண்ணி தேங்கி அடைச்சுக்குது. மத்த அஞ்சுலயும் அதே குழாய்தான். நேர் குழாய் போட்டா சரியாயிடும்."

"தண்ணி தேங்குதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் இயக்குநர்.

"கழட்டி ஊதிப் பார்த்தேன் சார். மூஞ்சில தெறிச்சுது."

நான் உடனே 'வாய்வழிக் காற்றழுத்த நேரடிச் சோதனை' என்று குறித்துக்கொண்டேன்.

"மாத்திடட்டுமா சார்?"

"மாத்துறதா!" இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அக்கா, கிடைச்சிருக்கிறது புதையல். மாத்திட்டா அப்புறம் எதை ஆராய்ச்சி பண்றது?"

அன்று மதியமே ஆறு குழாய்களிலும் சிவப்பு முத்திரை ஒட்டப்பட்டது: 'ஆய்வுப் பொருள். தொடக் கூடாது.' முழங்கை நீளம்கூட இல்லாத குழாய்களுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு வேறெந்த நாட்டிலும் கிடைத்திருக்காது.

முதல் கட்டுரை 'வளைந்த குழாய்களில் நீர்: ஓர் அறிமுகம்'. இரண்டாவது, 'வளைந்த குழாய்களில் நீர்: ஒரு மறு அறிமுகம்'. பிறகு 'நீரின் பார்வையில் வளைவு' வந்தது. 'நேரான குழாய்களில் நீர் தேங்காமை: ஒரு வருந்தத்தக்க ஒப்பீடு' எங்கள் பெருமையின் சிகரம். யார் பெயரை முதலில் போடுவது என்று இரண்டு பிரிவுத் தலைவர்கள் மோதிக்கொண்டார்கள். 'குழாயடிச் சண்டை' என்ற சொல்லுக்கு முழுத் தகுதி பெற்ற சண்டை அது ஒன்றுதான். இயக்குநர் தலையிட்டு, எல்லாவற்றிலும் தன் பெயரையே முதலில் போட்டுச் சமாதானம் செய்துவைத்தார். ஸ்பானர் அக்காவையும் நாங்கள் மறக்கவில்லை. ஏழாவது கட்டுரையின் அடிக்குறிப்பில் 'கொட்டகைப் பணியாளர் சிலர்' என்று பன்மையில் நன்றி சொன்னோம்.

அக்காவின் தாளில் கடைசியாக 'குழாயை மாற்றவும்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் ஆய்வு நடை இல்லை. வேலைக்காரரிடம் சொல்வதுபோல இருந்தது. நான் அதை அடித்துவிட்டு 'மேலும் ஆய்வு தேவை' என்று திருத்தினேன்.

இங்கே ஒரு குடும்ப விஷயத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாம் நம்பர் விமானத்தை ஓட்டுபவர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன். அவர் என்னை மச்சான் என்பார்.

மூன்றாம் வருடம், மூடுபனி கவிந்த ஒரு காலையில், மாப்பிள்ளை தலைக்கவசத்தைக் கழற்றாமலே என் அறைக்கு வந்தார்.

"மச்சான், முள் முந்நூறு மீட்டர்லயே நின்னுடுச்சு. நான் முந்நூறுன்னு நம்பி இறங்குறேன், பனிக்குள்ள திடீர்னு மரத்தோட உச்சி தெரியுது. எப்படித் தூக்கினேன்னே தெரியல. சக்கரத்துல வேலிக் கம்பி சுத்தியிருக்கு, வந்து பாருங்க."

நான் பேனாவைத் திறந்தேன். "சரியா முந்நூறா? தசமத்துக்கு அப்புறம் ஏதாவது காட்டிச்சா?"

அவர் என் பேனாவைப் பார்த்தார். பிறகு போய்விட்டார். அந்த வேலிக் கம்பியிலிருந்து நான்கு கட்டுரைகள் கிடைத்தன.

அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் கணவனின் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த சட்டையையே மறுபடி மறுபடி தேய்த்தாள்.

"அண்ணா, அந்தக் குழாயை மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"நீ என்ன இப்படிக் கேக்குற? அந்தக் குழாயைப் பத்தி உலகத்துலயே அதிகமா எழுதினது நாங்கதான். இந்த நாலையும் சேர்த்தா முப்பத்தொண்ணு!"

"அவர் மேலேருந்து விழுந்தா முப்பத்தொண்ணுல எது அண்ணா தாங்கிப் பிடிக்கும்?"

இது ஆய்வுக்குரிய கேள்வி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவள் போட்டுவைத்த காபியைக் குடிக்கவில்லை.

மறு வாரம் அந்தப் பேரழிவு நடந்தது. காலை ஏழு மணிக்கு ஸ்பானர் அக்கா மூன்றாம் நம்பர் விமானத்தின் முத்திரையைக் கிழித்தார். வளைந்த குழாயைக் கழற்றி நேர்க் குழாயைப் பொருத்தினார். பதினெட்டு நிமிடம். மாப்பிள்ளை விமானத்தில் ஏறி ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு இறங்கினார். முள் ஒரு முறைகூட நிற்கவில்லை.

செய்தி கேட்டு இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முப்பத்திரண்டாவது கட்டுரை அச்சுக்குப் போகும் தறுவாயில் இருந்தது. அவசரமாக ஒன்பது பேர் கொண்ட விசாரணைக் குழு கூடியது. ஒன்பதாவது ஆள் நான்.

"ஆய்வுப் பொருளைச் சேதப்படுத்தியிருக்கீங்க அக்கா," என்றார் இயக்குநர்.

"என்ன சார் சேதம்? முள் ஒழுங்கா வேலை செய்யுதே."

"அதுதான் சேதம்! மூணு வருஷமா உலகமே கவனிச்ச கோளாறு அது. இப்ப அது எங்கே? சொல்லுங்க, எங்கே?"

"சரியாயிடுச்சு சார்."

"பார்த்தீங்களா, ஒத்துக்கிட்டாங்க," என்று இயக்குநர் என்னிடம் திரும்பினார். நான் எழுதிக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம கட்டுரைல ஒண்ணையாவது படிச்சிருந்தா இப்படிச் செய்ய மனசு வந்திருக்குமா?"

"முப்பத்தொண்ணையும் படிச்சேன் சார்."

நாங்கள் ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க முயன்றோம். எங்களில் யாரும் முப்பத்தொன்றையும் படித்ததில்லை. நான் எண்ணியிருக்கிறேன், அவ்வளவுதான்.

"எதுக்குப் படிச்சீங்க?" என்றார் இயக்குநர். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"எங்கேயாவது 'குழாயை மாத்துங்க'ன்னு ஒரு வரி இருக்கும்னு தேடினேன் சார். அகராதியை வெச்சுக்கிட்டு, சாப்பாட்டு இடைவேளைல உக்காந்து. அந்த ஒரு வரி இருந்தா அதைக் காட்டி மாத்திடலாம்னு. இல்ல. எல்லாத்துலயும் கடைசில 'மேலும் ஆய்வு தேவை'தான். சரி, அடுத்ததுல இருக்கும்னு காத்திருந்தேன். அப்புறம் சக்கரத்துலேருந்து அந்தக் கம்பியை வெட்டி எடுத்தது நான்தான் சார். அதுக்கு மேல எனக்குப் படிக்க முடியல."

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிக்கோங்க," என்றார் என்னிடம். "ஆண்டறிக்கைல போடணும். பூஜ்யத்துலேருந்து ஒண்ணு. வாசகர் எண்ணிக்கைல முடிவிலி மடங்கு வளர்ச்சி!"

பிறகு தீர்மானங்கள் நிறைவேறின. ஸ்பானர் அக்கா தற்காலிகப் பணிநீக்கம். அவர் பொருத்திய நேர்க் குழாய் அகற்றப்படும். பழைய வளைந்த குழாய் அதே இடத்தில் அதே வளைவோடு மீண்டும் பொருத்தப்படும். நாளை காலை பத்து மணிக்கு மூன்றாம் நம்பர் விமானம் பறந்து, கோளாறு நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டதா என்று உறுதி செய்யும். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வந்தபோது பேனா எழுதவில்லை. பக்கத்தில் இருந்தவர் தன் பேனாவைக் கொடுத்தார். அது நன்றாக எழுதியது.

மறுநாள் பத்து மணிக்கு ஓடுபாதை ஓரமாக ஒன்பது நாற்காலிகள் போட்டிருந்தன. மாப்பிள்ளை வந்தார். சீருடையில் ஒரு சுருக்கமில்லை. இயக்குநருக்கு வணக்கம் வைத்தார். கையில் எங்கள் தீர்மானத்தின் நகல்.

"ஓட்டுறேன் சார். உத்தரவு உத்தரவுதான். ஆனா இது ரெண்டு சீட்டு விமானம். பின் சீட்டு காலியா இருக்கு."

"அதுக்கு?"

"இதுல ஒன்பது கையெழுத்து இருக்கு சார். அதுல யாராவது ஒருத்தர் ஏறி உக்காருங்க. முள் நிக்குற நேரத்தைப் பக்கத்துலேருந்தே குறிச்சுக்கலாம். ஆராய்ச்சிக்கும் நல்லது."

இயக்குநர் நாற்காலிகளின் வரிசையைப் பார்த்தார். ஒருவருக்கு முதுகுவலி. ஒருவருக்கு உயரம் என்றால் தலைசுற்றல். விமான ஆய்வில் இருபது வருடம் இருந்தும் அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒருவர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஒலிக்காத அழைப்புக்குப் பதில் சொல்லியபடியே கொட்டகைப் பக்கம் நடந்தார்.

"வெளியீட்டுப் பிரிவு ஏறலாமே," என்றார் இயக்குநர். "சொந்த மாப்பிள்ளைதானே ஓட்டுறார்."

"முதல் பெயர் உங்களோடது சார்," என்றேன். "மரியாதை உங்களுக்குத்தான்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "ஏன் மச்சான், பயமா?"

வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு 'மேலும் ஆய்வு தேவை' என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

இயக்குநர் அந்த நகலை வாங்கினார். நான்காக மடித்தார். எட்டாகவும் மடித்தார். "பழைய குழாயைக் கழட்டிடுங்க," என்றார் யாருக்கோ சொல்வதுபோல. "ஸ்பானர் அக்காவுக்கு ஆள் அனுப்புங்க. மத்த அஞ்சுலயும் இன்னிக்கே மாத்தச் சொல்லுங்க."

அக்கா வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஆறு விமானங்களிலும் வேலை முடிந்தது. கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மூன்று வருடம், முப்பத்தொரு கட்டுரைகள், இரண்டு பிரிவுகள் சேர்ந்தும் எட்ட முடியாத முடிவை, ஒரு காலி இருக்கையைக் கொண்டு இரண்டே நிமிடத்தில் எட்டிய நிறுவனம் எங்களுடையது. இதற்கு இணையான ஆய்வுச் சாதனை வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் குழாய் ஆபத்தானது என்பது எங்களுக்கு முதல் நாளிலேயே தெரியும். அது எங்களுக்கும் ஆபத்தானது என்பதுதான் அன்று நாங்கள் கண்டுபிடித்தது.